கொசுவலைக்கு நான்கு குச்சிகள்

ஒபெங்குரோம்,
அக்டோபர் 5

கொனாடு,

கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. காகிதம் உன்னுடையதுதான். என் பிறந்தநாளுக்கு நீ கொடுத்த கட்டிலிருந்து எடுத்தேன்.

நேற்று மாமாவின் எட்டாம் நாள் கூட்டத்தில் உன் எதிரில் வந்து நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பத்து வருஷம் ஒரே பெஞ்சு, விடுதியிலும் பக்கத்துக் கட்டில். சரி, போகட்டும். உன் தாய்மாமன் செத்திருக்கிறார், என் அப்பாவைப் பிடித்திருக்கிறார்கள். இதில் யார் யாரிடம் கோபித்துக்கொள்வது?

நான் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை அப்பா தோட்டத்துக்குப் போனார். உங்கள் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதைதானே. உங்கள் பக்கம் புளிக்கப் போட்டிருந்த கோகோக் கொட்டைக் குவியலில், மூடியிருந்த வாழை இலைக்கு அடியிலிருந்து ஒரு செருப்பு நீட்டிக்கொண்டிருந்தது. இலையை விலக்கினார். பெடியாக்கோ மாமா குவியலை ஒட்டிக் கிடந்தார், பிடரியில் அடி. வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஊரையே கூப்பிட்டார். கூப்பிட்டவரையே கட்டி வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எல்லைச் செடி பற்றி இரண்டு பேருக்கும் சண்டை. "உன்னைப் புதைச்சாத்தான் இந்த எல்லை அடங்கும்" என்று அப்பா கத்தியது உண்மை. அவர் வாய் அப்படித்தான், என் வாய் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? சட்டையில் கறை இருந்ததாம். மாமா செத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை என்று டாக்டர் எழுதினாராம். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் போனது அப்பா மட்டும்தானாம். கதை முடிந்தது. இப்போது குமாசிச் சிறையில் இருக்கிறார். நவம்பர் 21 விசாரணை. வெளியே வராமலே போகலாம் என்கிறார் வக்கீல்.

என்னை நம்பு என்று கேட்கவில்லை. என்னோடு சேர்ந்து யோசி என்றுதான் கேட்கிறேன். கணக்கில் நீ முதல், கேள்வி கேட்டு டீச்சர்களைப் படுத்துவதில் நான் முதல். 

நான் இனி வர மாட்டேன் என்று விடுதி மேட்ரனிடம் சொல்லிவிடு. அறுவடையில் அம்மா ஒருத்தியாக என்ன செய்வாள்?

டூஃபியே


கேப் கோஸ்ட், விடுதி,
அக்டோபர் 12

டூஃபியே,

கிழிக்கவில்லை. அதை நட்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

நீ யோசி என்றாய். யோசித்தேன். ஒன்று, சட்டை. மார்பிலும் கையிலும் பழுப்புக் கறையை என் அம்மாவே பார்த்தாள். இரண்டு, உடம்பு. மாமாவின் தலையை மடியில் வைத்திருந்தவர் என் பெரியம்மா. "என் தம்பி உடம்பு கொதிக்குதே, கை துணி மாதிரி தொங்குதே, இப்பத்தானே போயிருக்கான், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா" என்று அவர் கதறியதை அம்மா போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எட்டு மணிக்கு வந்த டாக்டரும் அதையேதான் பார்த்தார். செத்தவர் உடம்பு முதலில் சூடாகவும் தொய்வாகவும் இருக்கும், பிறகு ஆறும், விறைக்கும். மாமா ஆறவும் இல்லை, விறைக்கவும் இல்லை.

பெரியம்மா மகன் அம்பொன்சா அண்ணன் வியாழன் மூன்று மணி வண்டிக்கே குமாசி போய்விட்டான். செய்தி கேட்டு ஓடிவந்து மண்ணில் புரண்டான். நான் ஊரில் இருந்திருந்தால் விட்டிருப்பேனா என்று தலையில் அடித்துக்கொண்டான். அத்தை பிள்ளைகளோடு தன் பிறந்த ஊருக்குப் போயிருந்தார். ஆக மாமா தனியாக இருந்தார், உன் அப்பாவுக்கு அது தெரியும்.

என்னைப் பள்ளியில் சேர்த்தவர் மாமா. உன் கேள்விகளுக்கு என்னிடம் இடமில்லை. இனி எழுதாதே.

கொனாடு

உன் கட்டிலில் யாரையும் போடவில்லை.


ஒபெங்குரோம்,
அக்டோபர் 18

கொனாடு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன நீயா?

முதலில் சட்டை. அடி மகாராணி, கோகோத் தோட்டத்தில் பிறந்துவிட்டு வாழைக் கறை தெரியவில்லையா உனக்கு? மேலே கிடந்தது பச்சை இலை, குவியல் ஈரத்தில் வெட்டின காம்பில் பால் கசிந்துகொண்டேதான் இருக்கும். அதை அள்ளி விலக்கினால் சட்டை என்ன வெளுக்கவா செய்யும்? போலீஸ் அதை ஆக்ராவுக்கு அனுப்பியது. ரத்தம் இல்லை, செடிப் பால் என்று நேற்று பதில் வந்துவிட்டது. ஒன்று கழிந்தது.

இரண்டாவது, உடம்பு. உன் கடிதத்தை இரண்டு முறை படித்து இரண்டு முறை அழுதேன். மூன்றாம் முறை படிக்கும்போது அம்மா எங்கள் குவியலைக் கிளறிவிட்டு வந்து, கை சுடுகிறது என்று தண்ணீரில் முக்கினாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் காலையில் பனிக்காற்றில் கால் மரத்துப்போனால் நாம் எங்கே போய் நுழைப்போம், சொல். குவியலின் இலைக்கு அடியில்தானே! உன் மாமாதான் தடியோடு வருவார்: "காலை எடுங்கடி குட்டிச்சாத்தான்களா, உங்க கால் நாத்தத்துல கோகோ கெட்டுடும்!" ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் நாள் குவியல் எப்படிக் கொதிக்கும் என்று ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால்தான் யாருமே வாயைத் திறக்கவில்லை. டாக்டரோ கடற்கரைக்காரர், கோகோவை டப்பாவில்தான் பார்த்திருப்பார்.

மாமா அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் கிடந்தார்? மூன்று மணி நேரமா, ஒரு பகலும் ஓர் இரவுமா?

வியாழக்கிழமை, கொனாடு. பூமித்தாய் ஓய்வெடுக்கும் நாள். ஊரில் ஒருவரும் தோட்டத்தில் கால் வைக்காத நாள். அதனால் வியாழக்கிழமையை நம் யாருக்கும் சந்தேகப்படக்கூடத் தோன்றவில்லை. அன்று அப்பா காலையிலிருந்து இருட்டும்வரை பள்ளிக்கூடக் கூரையில் தகரம் அடித்தார். நாற்பது பேர் கீழே நின்றார்கள். சுத்தியலால் கட்டைவிரலைப் போட்டுக்கொண்டு அவர் சொன்ன வார்த்தையைப் பாதிரியார்கூடக் கேட்டார்.

எனக்கு வெப்பமானி வேண்டும். அறிவியல் டெட்டே டீச்சரிடம் கேள். உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை, அதனால்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன்.

டூஃபியே


கேப் கோஸ்ட்,
அக்டோபர் 26

டூஃபியே,

இதோடு வரும் சாக்ஸுக்குள் இரண்டு வெப்பமானிகள். பள்ளிச் சொத்து. உடைத்தால் டீச்சர் என்னை உடைப்பார்.

டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இறந்த உடம்பு விறைக்கும், பிறகு ஒரு நாளுக்கு மேல் ஆனால் விறைப்பு விட்டுவிடும். சூட்டில் இரண்டும் சீக்கிரம் நடந்து முடியும். ஆக, சூடும் தொய்வும் சேர்ந்திருந்தால் இப்போதுதான் செத்தவர், அல்லது எப்போதோ செத்துச் சூட்டிலேயே கிடந்தவர். நாற்றம்? புளித்த கோகோ எந்த நாற்றத்தையும் விழுங்கிவிடும். டாக்டர் பொய் எழுதவில்லை. இரண்டாவது வழி ஒன்று உண்டு என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செய்முறை: ஒரே அளவு தண்ணீர்க் கேன் இரண்டு. இரண்டிலும் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் தண்ணீர். ஒன்று மூன்றாம் நாள் குவியலை ஒட்டி இலைக்கு அடியில், ஒன்று வெளியே வெறும் தரையில். மதியம் வைத்து மறுநாள் காலை எட்டு மணிக்குப் பார். சாட்சி இல்லாமல் செய்யாதே. அவசரப்படாதே. உன்னைச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. மாமா வியாழக்கிழமை தோட்டத்து மண்ணை மிதிக்கவே மாட்டார். அறுபது வருஷத்தில் ஒரு முறைகூட மிதித்ததில்லை. அவர் ஏன் அங்கே போனார்? இதற்கு உன்னிடம் பதில் இல்லாவிட்டால் மற்ற எதுவும் நிற்காது.

இதைக் கொசுவலைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் வெட்டித் தந்த குச்சிகளில் ஒன்று சாய்ந்துவிட்டது, வலை தலையில் விழுகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இது உனக்காக இல்லை. மாமாவுக்காக.

கொனாடு


ஒபெங்குரோம்,
நவம்பர் 3

கொனாடு, கொனாடு, கொனாடு!

வெளியே வைத்த கேன் இருபத்தைந்து. குவியல் பக்கத்துக் கேன் முப்பத்தொன்பது! வைத்ததைவிட இரண்டு டிகிரி கூடுதல்!

சாட்சி யார் தெரியுமா? இன்ஸ்பெக்டர் லாரிபாவே. வடக்கே புல்வெளிச் சீமைக்காரர், கோகோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து உயிரை வாங்கித்தான் கூட்டிவந்தேன். குவியலைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கையை உள்ள விடுங்க மேடம்."

"பாம்பு கீம்பு இருக்குமா?"

"பாம்பெல்லாம் வெளியதான் மேடம் இருக்கு."

முறைத்துவிட்டுக் கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். "ஐயோ, அடுப்பு மாதிரி இருக்கே! இதை ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

அம்மா சாவதானமாகச் சொன்னாள்: "நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

மறுநாள் காலை கேன்களைப் பார்த்ததும் அவரே வெப்பமானியை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஆளனுப்பி ஒரு பன்றியை அறுத்து அதையும் அப்படியே வைத்துப் பார்த்தார். சூடு, தொய்வு, எல்லாம் உன் டீச்சர் சொன்னபடியே. "வியாழக்கிழமைன்னே வச்சுக்குவோம். அப்ப யாரு?" என்றார்.

நான் அவரை உங்கள் தோட்டத்துக் குவியல் இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். யோசித்துப் பார், அடிதடியில் குவியல் சரிந்திருக்கும். ஓடுகிற கொலைகாரன் மேலே நாலு இலையை வீசிவிட்டு ஓடுவான். ஆனால் அப்பா பார்த்தபோது இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு மடித்து, காற்றில் பறக்காமல் இருக்கப் பச்சைக் குச்சிகளை வெட்டி மேலே பாரம் வைத்து, கோகோ கெடாமல் மூடியிருந்ததாம். உயிரை எடுத்த கை கோகோவைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறது! நம் ஊர் ஆள்தான், கொனாடு. வேறு எவனுக்கும் அந்தக் கை வராது.

குச்சிகள் அங்கேயே ஓரமாகக் கிடந்தன. நான் தொடவில்லை, இன்ஸ்பெக்டர்தான் எடுத்தார். வெட்டின முனையில் மெல்லிய மூன்று வரிகள். கத்தி வாய் பல் பல்லாக உடைந்திருந்தால் வெட்டில் வரி விழுமே, அது. உடனே ஊரில் உள்ள முப்பத்தொரு வெட்டுக்கத்திகளையும் தலைவர் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு கத்தியின் வரியும் தெரிய, ஆளுக்கொரு துணி துவைக்கும் சோப்புக் கட்டியை வெட்டினோம். அப்பா கத்தியில் வரியே இல்லை. மற்ற கத்திகளில் வேறு வேறு வரிகள். எதுவும் ஒத்துவரவில்லை.

ஒரு கத்தி மட்டும் வாய் முழுக்க அரத்தால் ராவிப் பளபளவென்று இருந்தது. "புதுசா ராவினியா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "அறுவடைக் காலம் மேடம், ராவாம என்ன பண்றது?" என்று சிரித்தான் கத்திக்காரன். எல்லோரும்தான் தீட்டுகிறோம். ஆனால் விரல் அகலம் இரும்பையே தேய்க்கிற அளவுக்கு யாரும் ராவுவதில்லை.

யார் என்று எழுதக் கை கூசுகிறது. உனக்கே புரிந்திருக்கும். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ராவுவதற்கு முன்னால் அந்தக் கத்தி எப்படி வெட்டியது என்று தெரிந்தால் போதும். அது தெரியாமல் அப்பாவை விட முடியாது என்கிறார் இன்ஸ்பெக்டர். 21-க்கு இன்னும் பதினெட்டு நாள்.

டூஃபியே


கேப் கோஸ்ட்,
நவம்பர் 10

டூஃபியே,

உன் கடிதத்தைக் கசக்கிச் சுவரில் எறிந்தேன். உன்னைச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். கட்டிலில் மல்லாந்து விழுந்து மேலே பார்த்தேன்.

நான்கு குச்சிகள். கட்டிலின் நான்கு மூலையிலும்.

செப்டம்பரில் பள்ளிக்குக் கிளம்பிய காலை அம்பொன்சா அண்ணன் காட்டுக்குப் போய் வெட்டிவந்தான். "கடற்கரைக் கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிடும், வலையை இழுத்துக் கட்டு" என்றான். என் பெட்டியைத் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றினான். அது மாமா சாவதற்கு மூன்று வாரம் முன்பு. அப்போது அவன் கத்தியை ராவியிருக்கவில்லை.

முனையைப் பார்க்கவே இரண்டு நாள் ஆனது. பார்க்காவிட்டால் எனக்கு அண்ணன் இருப்பான், பார்த்தால் உனக்கு அப்பா இருப்பார். இதை இவ்வளவு நேராக எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

பார்த்தேன். மூன்று வரிகள். டீச்சரின் நுண்ணோக்கியில் வைத்து இடைவெளியை அளந்தோம். முதல் இரண்டும் நெருக்கம், மூன்றாவது தள்ளி. நீ எழுதிய குச்சிகளை நான் பார்க்கவில்லை. ஒப்பிட வேண்டியது ஆக்ரா ஆய்வகம். தலைமை ஆசிரியை அறையிலிருந்து நானே லாரிபா மேடத்துக்குப் போன் செய்தேன். நேற்று வந்தார். டீச்சர் முன்னால் குச்சிகளை மூட்டை கட்டி முத்திரை வைத்து எடுத்துப்போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்கு என்னை நீ அடித்தாலும் தகும். மாமா அந்தச் சனிக்கிழமை தோட்டத்தை அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுப்பதாக இருந்தார். கொடை உறுதியாவதற்குச் சாட்சிகள் முன் குடிக்கிற நன்றிப் பானம் வாங்கத்தான் அத்தை பிறந்த ஊருக்குப் போனார். நம் வழக்கப்படி தோட்டம் பிள்ளைகளுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு, அதாவது அம்பொன்சாவுக்குத்தான் வர வேண்டும். சனிக்கிழமை மாமா எழுதிக் கொடுத்திருந்தால் அவனுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அம்மா இதை எனக்குப் போனில் சொல்லியிருந்தாள். ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஒரே ஒரு முறை மனதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். உன் அப்பா உள்ளே இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை. வலை இல்லாமல் படுக்கிறேன். கொசு பிய்த்துத் தின்கிறது.

கொனாடு


ஒபெங்குரோம்,
நவம்பர் 23

என் கொனாடு,

வந்துவிட்டார்!

முதலிலிருந்து சொல்கிறேன், இரு. புதன்கிழமை ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. உன் கட்டில் குச்சியும் குவியல் குச்சியும் ஒரே கத்தி வெட்டியது. இன்ஸ்பெக்டர் அவனைக் கூப்பிட்டு இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாராம். முதலில் சிரித்தானாம். "இது உன் தங்கச்சி கட்டில்ல இருந்தது" என்றதும் சிரிப்பு நின்றுவிட்டதாம்.

"அவளைக் கொசு கடிக்கக் கூடாதுன்னு வெட்டினேன்" என்றானாம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

நீ கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஓய்வு நாளில் எவனோ உங்கள் குவியலைத் திருடுகிறான் என்று மாமாவிடம் போய்ச் சொன்னானாம். தீட்டுப்படுத்துகிறவனைத் தடுக்கத்தான் மாமா அந்த நாளில் மண்ணை மிதித்தார். அக்கம்பக்கத்தில் மாமாவுக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு மூன்று மணி வண்டி ஏறினான். குவியலின் சூடு தனக்குச் சாதகமாகும் என்று அவனே நினைக்கவில்லையாம். உடம்பை மறைக்க மட்டும்தான் இலை. "அப்புறம் எதுக்கு அவ்வளவு அழகா மூடின, பாரம் வேற வச்சிருக்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

"கோகோ திறந்து கிடந்துச்சு மேடம். எப்படி விட்டுட்டுப் போறது?"

இன்ஸ்பெக்டர் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார், எனக்கு ஏதாவது புரிகிறதா என்று. எனக்குப் புரிந்தது. நானாக இருந்தாலும் மூடியிருப்பேன், கொனாடு. ஊரில் எல்லோருமே மூடியிருப்போம்.

21-ஆம் தேதி நீதிபதி ஐந்தே நிமிஷத்தில் அப்பாவை விட்டார். ஊர் எல்லையிலேயே லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. பெண்கள் வெள்ளைத் துணி வீசி ஆடினார்கள். ஜெயித்தவருக்குப் போடுகிற வெள்ளைப் பொடியைக் கிண்ணம் கிண்ணமாக அவர் கழுத்திலும் தோளிலும் கொட்டினார்கள். அவரைக் கட்டி வைத்த அதே கைகள்! மாவு மூட்டையில் விழுந்த பூனை மாதிரி தும்மிக்கொண்டே நின்றார். கட்டி வைத்தவர்களில் ஒருவன் கால் தொட வந்தான். "எந்திரிடா, முடிச்சு போடக்கூடத் தெரியல உனக்கு, ரெண்டு நிமிஷத்துல அவுத்திருப்பேன்" என்றார். ஊரே சிரித்தது, அம்மா மட்டும் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்குள் போகும் முன்பே தோட்டத்துக்குப் போனார். எல்லைச் செடிகளைப் பிடுங்கி, எங்கள் பக்கம் ஓரடி தள்ளி நட்டார். "அவரு கேட்டது ஓரடிதான்" என்றார். மாமாவின் தோட்டம் அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என்று உங்கள் குடும்பப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டு நன்றிப் பானத்தைக் குடித்துவிட்டார்கள்.

உன் பெரியம்மா கதவைத் திறக்கவில்லை. அம்மா தினமும் வாசலில் சாப்பாடு வைக்கிறாள். நேற்றுக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை என்றாயே, உனக்கு அது தேவையே இல்லையடி. எனக்கு அப்பாவைக் கொடுத்துவிட்டுக் கொசுவுக்கு உன்னைக் கொடுத்திருக்கிறாய். அப்பாவிடம் சொன்னேன். கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். இந்தக் கடிதத்தோடு லாரியில் எட்டுக் குச்சிகள் வருகின்றன. முனையைத் தடவிப் பார், ஒரு வரிகூட இருக்காது.

நான்கு உனக்கு. மற்ற நான்கும் யாருக்கு என்று உன் கணக்கு மூளையைக் கேள்.

டூஃபியே


கேப் கோஸ்ட்,
நவம்பர் 29

டூஃபியே,

லாரிபா மேடத்தின் கடிதத்தைத் தலைமை ஆசிரியை இன்று காலை பிரார்த்தனையில் வாசித்தார். முதலில் உன் பெயர், பிறகு என் பெயர், பிறகு டெட்டே டீச்சர் பெயர். அறுநூறு பேர் கை தட்டினார்கள். உன்னைக் கொலைகாரன் மகள் என்று சொன்னவர்கள்தான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார்கள். நான் எழுந்து நின்று அழுதேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது, ஜெயித்ததும் அண்ணனை இழந்ததும். ஆனால் தலையைக் குனியவில்லை.

எட்டுக் குச்சியின் பதினாறு முனையையும் தடவிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. உன் கட்டிலுக்கும் கட்டிவிட்டேன்.

பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. வெப்பமானிகளை மறக்காமல் கொண்டு வா, டீச்சர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நேற்று இரவு ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை.

கொனாடு